கருந்துளைக்கு மாற்றாக வேறு என்ன இருக்க முடியும்?

மாலைவகுப்பு ஆசிரியர் (கேள்வி):
வணக்கம். 2019 ஏப்ரலில் வெளியான எம்87 விண்மீன் திரளின் மையப் படத்தை ஒன்பதாம் வகுப்பில் காட்டியபோது, "நடுவில் இருட்டாகத் தெரிவது கருந்துளைதான் என்று எப்படிச் சொல்கிறார்கள்? அதைப் போலவே தோன்றும் வேறொரு பொருளாக இருக்கக் கூடாதா?" என்று ஒரு மாணவி கேட்டாள். கிராவாஸ்டார், போசான் விண்மீன் என்ற பெயர்களை மட்டுமே அறிவேன். சமன்பாடுகள் இன்றி அவளுக்கு எப்படி விளக்கலாம்?

வான்நோக்கி:
மாணவியின் ஐயம் மிகச் சரியானது. படத்தில் நாம் காணும் இருள், உள்ளே சென்ற ஒளிகூடத் திரும்ப முடியாத எல்லையான நிகழ்வெல்லை அன்று. அதைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு அகன்ற நிழல். ஒளியையே வளைத்துச் சுற்ற வைக்கும் அளவுக்குச் செறிந்து, தானாக ஒளிராத எந்தப் பொருளும் ஏறக்குறைய இதே நிழலைத் தரக்கூடும்.

ஆனால் அவ்வளவு செறிந்த ஒன்றை எதனால் செய்வது என்பதுதான் சிக்கல். இயல்பான பொருளாலான கோளத்தின் ஆரம், நிகழ்வெல்லை ஆரத்தின் 9/8 மடங்குக்குக் கீழே போனால், அது தன் எடையைத் தாங்காமல் குலைந்துவிடும் என்று 1959இல் இயற்பியலாளர் புக்டால் காட்டினார். ஆகவே 2001இல் இயற்பியலாளர்கள் மசூரும் மொட்டோலாவும் கிராவாஸ்டாரை முன்மொழிந்தபோது, அதன் உட்புறத்தை இருண்ட ஆற்றலைப் போன்ற ஒன்றால் நிரப்பினார்கள். அது உள்நோக்கி இழுக்காமல் வெளிநோக்கித் தள்ளும். அதைச் சுற்றி, நிகழ்வெல்லை உருவாகவேண்டிய இடத்திற்குச் சற்று வெளியே, மெல்லிய ஓடு ஒன்று இருக்கும். அடர்த்தி எல்லையின்றிப் பெருகும் ஒருமைப்புள்ளி அங்கே தேவைப்படாது என்பதே இக்கருத்தின் ஈர்ப்பு.

ஈர்ப்பலை வாசகர்:
ஓடு இருந்தால் அதைச் சோதிக்க வழியும் உண்டு. அருவி பாறையில் மோதும் இடத்தில் ஓசையும் சிதறலும் எழுவதுபோல, விழும் வாயு ஒரு மேற்பரப்பில் மோதினால் வெப்பமாகி ஒளிர வேண்டும். நம் பால்வழியின் மையத்தில், 40 லட்சம் சூரிய நிறை கொண்ட தனுசு ஏ*இல், அத்தகைய ஒளிர்வு காணப்படவில்லை. அந்த மேற்பரப்பும் இயல்பான பொருளைப் போல வெப்பத்தை வெளியிடும் என்ற எடுகோளின் மேல்தான் இவ்வாதம் நிற்கிறது என்பதையும் மாணவியிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது சோதனை ஈர்ப்பலை, அதாவது பெருநிறைகள் வேகமாக இயங்கும்போது காலவெளியில் பரவும் சிற்றலை. இரு கருந்துளைகள் இணைந்ததும், தட்டிய வெண்கல மணியின் ஓசை அடங்குவதைப் போல அலை விரைவாக அடங்கும். உள்ளே ஓடு இருந்தால் அதன்பின் மெல்லிய எதிரொலிகள் வர வேண்டும். 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ ஈர்ப்பலைக் கூடம் பதிவு செய்த முதல் அலை முதலான தரவுகளில் எதிரொலிக்கான தடயம் இருப்பதாக 2016இல் ஓர் ஆய்வு கூறியது. பின்னர் ஆராய்ந்தவர்களால் அதை இரைச்சலிலிருந்து பிரித்தறிய முடியவில்லை.

மாலைவகுப்பு ஆசிரியர்:
மிக்க நன்றி. போசான் விண்மீனுக்கு மேற்பரப்பே இல்லை என்று படித்தேன். அப்படியானால் அருவி வாதம் அதற்குப் பொருந்தாது அல்லவா?

வான்நோக்கி:
பொருந்தாது. இதுவரை கண்டறியப்படாத, மிக இலேசான துகள்கள் ஒரே அலைபோல ஒன்றுகூடிய திரள் அது. துகளின் அலைத்தன்மையே அது சுருங்கிவிடாமல் தாங்குகிறது. ஒளி அதனுள் தடையின்றிப் புகுந்து வெளியேறும். ஆனால் உள்ளே விழும் வாயு மறைந்துபோக இடமில்லை. அது மையத்தை நெருங்கித் தேங்குவதால், கணினி உருவகங்களில் நடுவிலுள்ள இருள், அதே நிறையுள்ள கருந்துளையின் நிழலைவிடச் சிறியதாகவே தெரிகிறது. படத்தின் நுணுக்கம் கூடும்போது இவ்வேறுபாட்டை அளந்து பார்க்கலாம்.