புதுப்பிப்பு: சுங்க அறிவிப்பாளர் தேர்வில் தேறிவிட்டேன்

சரக்கு நிறுவனக் கிடங்கில் வேலை பார்க்கும் நான், சுங்க அறிவிப்பாளராக (இறக்குமதி, ஏற்றுமதிச் சரக்கு விவரங்களைச் சுங்கத்துறைக்குத் தாக்கல் செய்பவராக) ஆவதற்கு, சரக்கு அனுப்புநர்களின் அனைத்துலகச் சம்மேளனமான ஃபியாட்டாவின் டிப்ளோமாதான் முதல் படியா என்று முன்பு கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி சிங்கப்பூர்ச் சுங்கத்துறையின் தகுதித் தேர்வையே முதலில் எழுதித் தேறிவிட்டேன். டிரேட்நெட் என்ற மின்னியல் தளத்தில் சரக்குக்கான பர்மிட் விண்ணப்பிக்கத் தேவைப்படுவது அந்தத் தேர்வுதான். டிப்ளோமா தொழிலை விரிவாகக் கற்றுத்தரும், பிறகு படிக்கலாம்.

அடுத்து எழுதுபவர்கள் சரக்கு வகைப்பாட்டுக்குத்தான், அதாவது ஒவ்வொரு பொருளுக்கும் உரிய குறியீட்டு எண்ணைக் கண்டுபிடிப்பதற்குத்தான், அதிக நேரம் ஒதுக்குங்கள். மஞ்சள்தூள் தனியாக வந்தால் 0910.30, அதில் மிளகுத்தூள் கலந்துவிட்டால் 0910.91. இந்த 6 இலக்கங்கள் உலகப் பொது, சிங்கப்பூரில் 8 இலக்கங்கள் வேண்டும். எந்தப் பொருளுக்கு எந்தக் குறியீடு என்று முடிவுசெய்ய உதவும் விளக்க விதிகள் ஆறையும் வரிசை மாறாமல் பழகுங்கள். பொருள், சேவை வரி 9 விழுக்காடு. இறக்குமதிப் பொருளுக்கு இந்த வரியைக் காப்புறுதியையும் சரக்கை ஏற்றிவரும் கட்டணத்தையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

குறிப்புகள் அனுப்பிய அக்காவுக்கு மனமார்ந்த நன்றி. அவை வேண்டுவோர் கேளுங்கள், அனுப்புகிறேன்.