சம்பவ இடத்துக்குப் போகாதவர்களும் வரலாம்

அவசர அழைப்பு மைய ஊழியர்:

முன்னாள் படைவீரர்களும் தீயணைப்பு வீரர்களும் கூடி, பணியில் பட்ட மனவேதனையைப் பேசி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் சக ஆதரவுக் குழுவில் எனக்கென்ன வேலை என்று வெகுகாலம் ஒதுங்கியே இருந்தேன். துப்பாக்கி ஏந்தியதில்லை, எரியும் கட்டடத்துக்குள் நுழைந்ததில்லை. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். ஆனால் மூச்சு நின்ற குழந்தையின் தாயை, ஆம்புலன்ஸ் வரும்வரை மார்பை அழுத்தச் சொல்லி, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் கூடவே எண்ணுவது நான்தான். வாசலில் ஆம்புலன்ஸ் நின்றதும் இணைப்பு அறுந்துவிடும். குழந்தை பிழைத்ததா என்று யாரும் எனக்குச் சொல்வதில்லை. அதற்குள் அடுத்த அழைப்பு காத்திருக்கும்.

இதைக் குழுவில் சொன்னபோது ஒருவர்கூட “மறந்துவிடுங்கள்” என்று சொல்லவில்லை. ஓய்வுபெற்ற தீயணைப்பு அதிகாரி ஒருவர், “முடிவு தெரியாத அழைப்புகள்தான் உங்களைத் தூங்கவிடுவதில்லையா அம்மா?” என்று கேட்டார். வீட்டில் யாராலும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க முடியாது. என் கணவர் அன்பானவர். ஆனாலும் அவருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்க வேண்டும். விளக்கி முடிப்பதற்குள் சொல்ல வந்தது உள்ளேயே தங்கிவிடும்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறி கையேடு, 2013ஆம் ஆண்டுப் பதிப்பில், பணியின் காரணமாகக் கொடிய நிகழ்வுகளின் விவரங்களைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதையும் மனஅதிர்ச்சியாகக் கணக்கில் கொள்கிறது. நேரில் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. என்னைப் போல ஒதுங்கி நிற்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முன்னாள் படைவீரர்:

சகோதரி, தயங்காமல் தொடர்ந்து வாருங்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு அந்தக் கையேட்டில் இடம்பெற்றது 1980இல். அதற்குப் பத்தாண்டு முன்பே வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள் நியூயார்க்கில் கூடி உட்கார்ந்து பேசத் தொடங்கிவிட்டார்கள். ராபர்ட் லிஃப்டன், ஹைம் ஷாட்டன் என்ற மனநல மருத்துவர்களும் அவர்களோடு அமர்ந்து கேட்டார்கள். கையேட்டில் அந்தப் பெயர் ஏற அந்தப் பேச்சும் ஒரு காரணம்.

தீயணைப்பு வீரர்:

ஒரு பெரிய விபத்துக்கு மறுநாளே எங்கள் எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார்கள். வாய் திறக்க விரும்பாதவரும் பேச வேண்டியிருந்தது. இப்படி ஒரே அமர்வில் கிளறுவது பின்னாளைய பாதிப்பைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சக ஆதரவை அதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எங்கள் குழுவில் பேசாமலும் இருக்கலாம். வாரக்கணக்கில் அப்படி இருந்தவர்கள் உண்டு. சொன்னது மேலதிகாரி காதுக்குப் போகாது. ஒரே ஒரு விலக்கு: உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தெரிந்தால் அவரைத் தனியே விடமாட்டோம், மருத்துவரிடம் கூடவே போவோம். இதை முதல் நாளே சொல்லிவிடுகிறோம்.

கூட்டங்கள் எல்லாம் மாலையிலேயே நடக்கின்றன. இரவுப் பணி முடித்து வருபவர்களுக்குக் காலையில் ஒன்று வேண்டும். அந்தப் பொறுப்பை நான் ஏற்கிறேன். துணைக்கு ஒருவர் வந்தால் போதும்.