‘ஹூக்’ என்பதற்குத் தமிழ்: தொடுப்பா, கண்ணியா?

மன்னார்குடியிலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம். எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தில், பலகையில் கிடக்கும் சொல்லுக்கு முன்னாலோ பின்னாலோ ஒரே ஓர் எழுத்தை வைத்து வேறு சொல்லாக்குவது ஹூக். இதற்குக் ‘கொக்கி’ வேண்டாம். கொக்கி போடுவது என்றாலே திருட்டு மின்சாரம்தான் நினைவுக்கு வரும். ‘ஒட்டு’ம் சரிப்படாது. முன்னொட்டு, பின்னொட்டு எல்லாம் இலக்கணப் பணி உள்ளவை. ‘மா’வுக்குப் பின்னால் ‘ன்’ வைத்தால் மான். அந்த ‘ன்’னுக்கு அங்கே தனிவேலை ஏதுமில்லை. பூத்தொடுப்பதை வைத்துத் ‘தொடுப்பு’ எனலாமா?

கும்பகோணத்திலிருந்து:

ஐயா, காரணங்கள் சரி, சொல் ஆகாது. “அவனுக்கு ஒரு தொடுப்பு இருக்கு” என்றால் நம் பக்கத்தில் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். பள்ளிப் பிள்ளைகள் ஆடுகிற ஆட்டம் இது. ‘கண்ணி’ என்று வைப்போம். சங்கிலியின் ஒற்றை வளையமும் கண்ணி, தலையில் சூடும் பூமாலையும் கண்ணி. முன்கண்ணி, பின்கண்ணி என்று பிரிக்கவும் வாகாக இருக்கிறது.

நீங்கள் எடுத்த ‘மா’வையே வைத்துப் பார்ப்போம். ஒரு கட்டத்துக்கு ஒரு முழு எழுத்து என்று கொள்கிறேன். மாமரம், விலங்கு, அரைத்த மாவு, பெருமை என்று பொருள்கள் நிறைய. டெல்டாவில் நில அளவும்கூட: 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. சென்ட் கணக்கில் ஒரு மா ஏறக்குறைய 33. பின்னமாக மா 1/20, காணி 1/80. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலும் நிலக்கணக்கு இந்த வரிசையில்தான் இறங்குகிறது.

ஆட்டத்தில் இந்தப் பின்னங்கள்தான் புதையல். ‘காணி’க்கு முன் மா வைத்தால் மாகாணி: 4/80-உம் 1/80-உம் சேர்ந்து 5/80, அதாவது 1/16. ‘இரு’வுக்குப் பின் வைத்தால் இருமா, 1/10. ‘அரை’க்குப் பின் அரைமா, 1/40. ‘அரி’க்குப் பின் அரிமா, சிங்கம். ‘மா’வே கிடந்தால் முன்னால் ‘ஆ’ போட்டு ஆமா, காட்டுப்பசு.

தவறு நேர்வது புணர்ச்சியில். ‘கை’யோடு ‘மா’ சேர்ந்தால் யானையைக் குறிக்கும் கைம்மா; நடுவில் ‘ம்’ புகுந்துவிட்டது, ஆகவே கண்ணியில்லை. மும்மாவில் ‘மூன்று’ என்பதே உருமாறிவிட்டது. கிடக்கிற எழுத்து எதுவும் மாறக்கூடாது, கூடுவது ஒன்றே ஒன்று என்று விதியில் எழுதியே ஆகவேண்டும்.

மன்னார்குடியிலிருந்து:

கண்ணிக்கே என் வாக்கும். ஆனால் ‘மால்’ கிடக்கிறது, ‘ல்’ மீது ‘ஐ’ ஏறி ‘மாலை’ ஆகிறது. புதுக்கட்டம் எதுவும் நிரம்பவில்லை, கடைசி எழுத்து மட்டும் மாறுகிறது. உங்கள் விதிப்படி இது கண்ணி ஆகாது. தமிழாட்டத்திலோ அடிக்கடி வரும். இதை ‘உயிரேற்றம்’ என்று தனியே வைத்து, மாறிய எழுத்துக்கு மட்டும் புள்ளி கொடுக்கலாம் என்பது என் கருத்து.