அம்மாவுக்கு பிளேட்லெட் 38,000, ஆனால் எந்தத் தொந்தரவும் இல்லை. உதவுங்கள்

கேள்வி:
அம்மாவுக்கு 58 வயது. பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்காக ரத்தம் எடுத்ததில் பிளேட்லெட் 38,000. மறுநாள் எடுத்தால் 31,000. ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார்கள். காய்ச்சல் இல்லை, டெங்கு இல்லை. ஈறில் கசிவோ தோலில் சிவப்புப் புள்ளியோ கிடையாது. நேற்று அரிவாள்மனையில் விரலை நறுக்கிக்கொண்டார். சேலைத் தலைப்பால் அழுத்தினார், உடனே நின்றுவிட்டது. சொந்தக்காரர்கள் பப்பாளி இலைச் சாறு கொடு என்கிறார்கள். பிளேட்லெட் ஏற்ற வேண்டிவருமோ என்று பயமாக இருக்கிறது.

பதில் (லேப் டெக்னீஷியன்):
தம்பி, ரிப்போர்ட்டின் அடியில் பிளேட்லெட் கட்டியாகச் சேர்ந்திருப்பதாக ஏதாவது குறிப்பு இருக்கிறதா? ஒரு துளி ரத்தத்தை ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்களா?

கேட்டவர்:
ஸ்லைடு பார்க்கவில்லை அக்கா. 'கிளம்ப்ஸ்' என்று ஒரு வரி இருக்கிறது. யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

பதில் (லேப் டெக்னீஷியன்):
அந்த வரிதான் முக்கியம். ஊதா மூடிக் குழாயில் ஈடிடிஏ என்ற ரசாயனம் இருக்கும். ரத்தம் உறையாமலிருக்க அது கால்சியத்தைப் பிடித்துவைக்கும். சிலர் ரத்தத்தில் உள்ள ஒரு ஆன்டிபாடி, கால்சியம் போனதும் பிளேட்லெட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். மெஷின் அளவைப் பார்த்துத்தான் எண்ணுகிறது. பத்து இருபது சேர்ந்த கட்டியைப் பிளேட்லெட் என்று அதற்குத் தெரியாது. சில சமயம் வெள்ளை அணுவென்றுகூட எண்ணிவிடும். நேரம் ஆக ஆகக் கட்டி கூடும், எண்ணிக்கை குறையும். உடம்புக்குள் இது நடப்பதில்லை, குழாய்க்குள்தான்.

நீல மூடி, அதாவது சிட்ரேட் குழாயில் எடுக்கச் சொல்லுங்கள். கோடு வரை நிரம்ப வேண்டும், தாமதிக்காமல் எண்ண வேண்டும். அதிலுள்ள திரவம் ரத்தத்தை நீர்க்கவைப்பதால் வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்குவார்கள். ஸ்லைடின் ஓரத்தையும் அவசியம் பார்க்கச் சொல்லுங்கள், கட்டிகள் அங்கேதான் ஒதுங்கும்.

பதில் (மருத்துவர்):
சரியான வழி. ஆனால் சிலருக்கு சிட்ரேட்டிலும் ஒட்டும். ஸ்லைடு பார்க்காமல் 'பொய்க்குறைவு' என்று நாமாக முடிவுகட்டக் கூடாது. புதிதாக ரத்தக்கசிவு தெரிந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேட்டவர்:
இன்று எடுத்தோம். ஸ்லைடில் கொத்துக் கொத்தாக இருந்ததாம். நீல மூடியில் 1,92,000, பெருக்கினால் 2,11,200! அம்மா இரண்டு நாள் கழித்து இன்றுதான் ஒழுங்காகச் சாப்பிட்டார். ரொம்ப நன்றி அக்கா, டாக்டர்.

பதில் (லேப் டெக்னீஷியன்):
சந்தோஷம் தம்பி. அம்மாவின் ஃபைல் அட்டையிலேயே 'ஈடிடிஏவில் பிளேட்லெட் ஒட்டும், சிட்ரேட்டில் எடுக்கவும்' என்று பெரிதாக எழுதிவையுங்கள். மயக்க மருந்து டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.