அம்மாவை மருந்து ட்ரையலில் சேர்க்கலாமா? வெற்று மாத்திரை வந்துவிட்டால்?

மூத்தமகள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 54 வயது. ஆறு வருடமாக முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி வலிக்கும் நோய்). வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறார். முதலில் நன்றாகக் கேட்டது. இப்போது ஒரு வருடமாகக் காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரலை மடக்க முடிவதில்லை. பல் தேய்க்கும் பிரஷை இரண்டு கையாலும் பிடிக்கிறார்.

போன வாரம் டாக்டர், "புது மாத்திரை ஒன்றுக்கு மூன்றாம் கட்ட ட்ரையல் (நிறைய பேருக்குக் கொடுத்துச் சோதிப்பது) நடக்கிறது, சேர விருப்பமா?" என்று கேட்டார். மூன்று பேரில் இரண்டு பேருக்குப் புது மருந்து, ஒருவருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது போகிறது என்று டாக்டருக்கே தெரியாதாம். மொத்தம் 52 வாரம். 22 பக்க ஒப்புதல் படிவத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு முறை படித்தும் பாதி புரியவில்லை.

அப்பா "அவளைச் சோதனை எலி ஆக்கப் போகிறாயா?" என்று கோபப்படுகிறார். என் பயம் வேறு. வெற்று மாத்திரை விழுந்தால் அம்மா ஒரு வருடம் வலியோடு சும்மா கிடக்க வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிலாமுற்றம் பதில்:

தங்கை, நான் நர்ஸாக இருந்து, பிறகு பதினோரு வருடம் ட்ரையல் கோஆர்டினேட்டராக வேலை பார்த்தவள். பாதிக்கு மேல் மூட்டு நோய் ட்ரையல்கள்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பயம். படிவத்தை எடுத்து இரண்டு இடங்களைத் தேடுங்கள். ஒன்று, மெத்தோட்ரெக்சேட் தொடருமா என்பது. நான் பார்த்த பெரும்பாலான முடக்குவாத ட்ரையல்களில் இரண்டு பிரிவுக்கும் அது தொடரும். புது மாத்திரையோ வெற்று மாத்திரையோ அதற்கு மேல்தான் சேரும். இன்னொன்று, "மீட்பு சிகிச்சை" என்றோ அந்த மாதிரி வேறு சொல்லிலோ ஒரு பகுதி இருக்கும். குறிப்பிட்ட வாரம் வரை முன்னேற்றம் இல்லாவிட்டால் உண்மையான மருந்துக்கோ வேறு சிகிச்சைக்கோ மாற்றிவிடுவார்கள். அது பெரும்பாலும் 12 முதல் 24 வாரத்துக்குள் வரும். அம்மாவின் படிவத்தில் எத்தனையாவது வாரம் என்று பார்த்து வட்டம் போட்டு வையுங்கள். அப்படி ஒரு பகுதியே இல்லை என்றால் நேராகக் கேளுங்கள். மழுப்பினால் கையெழுத்து வேண்டாம்.

சரி, யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று எதற்கு இந்தக் குலுக்கல்? புது மருந்து நல்லது என்று தெரிந்திருந்தால் எல்லோருக்கும் கொடுத்திருப்பார்கள். தெரியாததால்தான் ட்ரையல். மாரடைப்பு வந்தவர்களுக்கு இதயத்துடிப்பு தாறுமாறாவதை அடக்க என்கைனைடு, பிளெக்கைனைடு என்று இரண்டு மாத்திரைகளை ஒரு காலத்தில் கொடுத்தார்கள். துடிப்பு சீரானது ஈசிஜியில் தெரிந்தது. இப்படிப்பட்டவர்களுக்கு வெற்று மாத்திரை கொடுப்பது பாவம் என்றுகூடப் பல டாக்டர்கள் நினைத்தார்கள். 'காஸ்ட்' என்ற ட்ரையல் நடத்தி 1991-இல் முழுக் கணக்கு வெளிவந்தபோது, மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர். வெற்று மாத்திரைப் பிரிவு இல்லாமல் இருந்திருந்தால், அந்தச் சாவுகளை எல்லாம் நோயின் மேல் போட்டிருப்பார்கள். வேலையில் சேர்ந்த புதிதில் என் மேலதிகாரி சொல்லிக்கொடுத்த கணக்கு இது. இன்றுவரை மறக்கவில்லை.

ஒவ்வொரு விசிட்டிலும் ஒருவர் அம்மாவின் 28 மூட்டுகளை விரலால் அழுத்தி, எது வலிக்கிறது, எது வீங்கியிருக்கிறது என்று எண்ணுவார். தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல்கள், முழங்கால். நான் பார்த்த ட்ரையல்களில் எண்ணுகிறவர் மருந்து கொடுக்கும் பக்கத்தில் தலையிட மாட்டார். "போன தடவை சாப்பிட்ட பிறகு வாந்தி வந்தது" என்று நோயாளி அவரிடம் பேச்சை எடுத்தால்கூட, "அதை டாக்டரிடம் சொல்லுங்கள் அம்மா" என்று தடுத்துவிடுவார். யார் எந்தப் பிரிவு என்ற ஊகம் மனதில் விழுந்தால் விரலும் அதற்கேற்ப அழுத்தும்.

அந்த 28-இல் பாதம் கிடையாது. எனக்கு வருத்தமான விஷயம் இது. ஓர் அம்மா வந்து, "எனக்குக் காலில்தானே உயிர் போகிறது, நீங்கள் கையையே எண்ணுகிறீர்களே" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அதன் பிறகு பாதம் வலித்தால் அதைத் தனியாக டாக்டர் குறிப்பில் எழுத வைப்பேன்.

அப்புறம் மாத்திரை டைரி. தினமும் டிக் போட வேண்டும். வரும் வழியில் வண்டியில் உட்கார்ந்து முப்பது நாளையும் ஒரே மூச்சில் டிக் போட்டுக் கொண்டுவருவார்கள். ஒரே பேனா, ஒரே சாய்வு, பார்த்தாலே தெரியும். தயவுசெய்து அம்மாவை அப்படிச் செய்ய விடாதீர்கள். மூன்று நாள் விட்டுப்போனால் விட்டுப்போனது என்றே எழுதட்டும்.

பக்கவிளைவையும் மறைக்காமல் சொல்கிறேன். மூட்டு வீக்கத்தை அடக்கும் புது மாத்திரைகள் பல, நோய் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அடக்கும். அதனால்தான் சேர்க்கும் முன்பு மறைந்திருக்கும் காசநோய் உண்டா என்று ரத்தமும் எக்ஸ்ரேயும் பார்ப்பார்கள். காய்ச்சல் வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. அவசர எண் கொடுத்திருப்பார்கள், உடனே கூப்பிடுங்கள். மூன்றாம் கட்டத்தில் சில நூறு பேரோ சில ஆயிரம் பேரோதான் இருப்பார்கள். பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் பக்கவிளைவு அதில் தென்படாமலே போகலாம். அப்பாவின் பயத்தில் இந்த அளவு நியாயம் உண்டு, அவரையும் அழைத்துப் போய் டாக்டரிடம் பேச வையுங்கள்.

தெற்குக்காற்று பதில்:

அக்கா சொன்னதோடு என் அனுபவம். ஒற்றைத் தலைவலிக்கான ட்ரையலில் இருந்தேன். முதல் இரண்டு மாதம் தலைவலி பாதியாகக் குறைந்தது. "புது மருந்துதான் எனக்கு" என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். மூன்றாவது மாதம் பழையபடி வந்தது, வெறுத்துப்போய் நின்றுவிட்டேன். ஒன்றரை வருடம் கழித்து நானே போய்க் கேட்டபோதுதான் எனக்கு வந்தது வெற்று மாத்திரை என்று சொன்னார்கள். மருந்து வேலை செய்ததா, ட்ரையல் என்ன ஆனது என்று யாரும் இதுவரை சொல்லவில்லை. ஊசியைவிட அதுதான் வலிக்கிறது.

நிலாமுற்றம் பதில்:

தம்பி, உங்களுக்கு நடந்தது தவறு. 1964-இல் ஹெல்சிங்கியில் உலக மருத்துவ சங்கம் வகுத்த நெறிமுறைகள் பிறகு பலமுறை திருத்தப்பட்டன. பங்கேற்றவர்கள் ட்ரையலின் பொதுவான முடிவைத் தெரிந்துகொள்ள வாய்ப்பு தரப்பட வேண்டும் என்று அதில் இருக்கிறது. படிவத்தில் இருக்கும் பதிவு எண்ணை உலக சுகாதார நிறுவனத்தின் ட்ரையல் பதிவுத் தளத்தில் போட்டுத் தேடுங்கள். முடிவு ஏறியிருந்தால் கிடைக்கும்.

நீங்கள் நின்றதைப் பற்றி ஒன்று, குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். மாத்திரையை நிறுத்துவது வேறு, விசிட்டையே நிறுத்துவது வேறு. இரண்டும் உங்கள் உரிமை, காரணம்கூடச் சொல்ல வேண்டாம். ஆனால் மாத்திரை வேண்டாம் என்ற பிறகும் விசிட்டுக்கு வந்து பரிசோதனை மட்டும் செய்துகொள்ளலாம் என்று பலருக்கு யாரும் சொல்வதில்லை. பலன் இல்லாதவர்கள் எல்லாம் காணாமல் போனால், மிச்சம் இருப்பவர்களை வைத்து மருந்து இருப்பதைவிட நல்லதாகத் தெரியும். நான் போன் பண்ணிப் பண்ணிக் கூப்பிட்டதெல்லாம் இதற்காகத்தான்.

மூத்தமகள் பதில்:

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு அம்மாவிடம் இதை எல்லாம் வாசித்துக் காட்டினேன். மீட்பு சிகிச்சை 17-ஆம் பக்கத்தில் இருந்தது, 16-ஆவது வாரம். மெத்தோட்ரெக்சேட் தொடரும் என்று போட்டிருக்கிறது. அப்பா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்க அவரும் வருகிறாராம்.

அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை. "பாதத்தை எண்ண மாட்டார்களா?" என்று மட்டும் கேட்டார். அவருக்கும் இடது காலில் பெருவிரலுக்கு அடியில்தான் வலி அதிகம். அக்கா, அதை எப்படி எழுத வைப்பது?

நிலாமுற்றம் பதில்:

முதல் விசிட்டிலேயே சொல்லச் சொல்லுங்கள். "இடது பாதம், பெருவிரல் அடி, நடக்கும்போது" என்று ஒரு தாளில் அம்மா கையாலேயே எழுதிக் கொண்டுபோகட்டும். விரல் மடங்கவில்லை என்றால் நீங்கள் எழுதி, அவர் கையெழுத்துப் போட்டால் போதும்.