ஓரன் மணிமுடியைக் கழற்றியது அவன் எடுத்த முடிவா, குறிகாரி சொன்ன முடிவா?

காட்பாடி கயல்:
40 அத்தியாயமாக வாராவாரம் படித்துவந்த ஃபே (மேற்கத்திய நாட்டார் கதைகளில் வரும் மாய இனம்) தொடர்கதை நேற்று முடிந்தது. கடைசி அத்தியாயத்தைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. படிக்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்து மலைகளுக்கு அடியில் சீலி, அன்சீலி என்று ஃபேக்களின் இரண்டு சபைகள். அன்சீலி இளவரசன் ஓரன் பிறந்த அன்று ஒரு குறிகாரி, "இரும்போடு வருபவளால் இவன் முடி இழப்பான்" என்கிறாள். இந்த ஒரு வரியை வைத்தே அமைச்சர் 20 வருடம் சபையை ஆட்டிவைக்கிறார். அரண்மனைச் சமையற்கட்டு வேலைக்குப் பிடித்துவந்த மனிதப்பெண் மைராவுக்கும் ஓரனுக்கும் காதல் வருகிறது. சபை அவளைக் கொல்லத் துணியும்போது ஓரன் தன் முடியைத் தானே கழற்றி வைத்து அவளை மீட்கிறான்.

இதுவரை என் உயிர் இந்தக் கதை. அதற்கு அப்புறம்தான் குறியின் மறைத்த பாதி வெளியே வருகிறது: "தானே விரும்பி இழப்பான்." ஃபேக்களால் பொய் சொல்ல முடியாது, அதனால் அமைச்சர் பாதியைச் சொல்லாமல் விழுங்கிவிட்டாராம். சபைச் சூழ்ச்சியாக இது அருமையான வேலை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் விரும்புவான் என்பதையே பிறந்த அன்று சொல்லிவிட்டார்கள் என்றால், அவனுடைய விருப்பத்துக்கு அங்கே என்ன இடம்? 40 வாரம் நான் நம்பிய காதலைக் கடைசிப் பக்கத்தில் பிடுங்கிக்கொண்டது போல இருக்கிறது.

ஆம்பூர் வாசகன்:
கயல், நீ வருத்தப்படுவது புரிகிறது. ஆனால் நீ சொல்வது சரியில்லை என்று நினைக்கிறேன். மே 4ஆம் தேதி அக்னி நட்சத்திரம் தொடங்கும் என்று காலண்டரில் போட்டிருக்கிறது. அதற்காகக் காலண்டரா வெயில் அடிக்கிறது? முன்னால் தெரிந்திருப்பது வேறு, செய்ய வைப்பது வேறு. முழுக் குறியும் ஓரன் காதில் விழவே இல்லை. முடியைக் கழற்றும்போது அவனுக்குத் தெரிந்ததெல்லாம், இந்தப் பெண்ணால் தனக்கு அழிவு என்கிற பாதி மட்டும்தான். அதைத் தெரிந்துகொண்டே அவளைத் தேர்ந்தெடுத்தானே, அதைவிடவா ஒரு சுதந்திரம் வேண்டும்?

காட்பாடி கயல்:
வெயிலுக்கு மனசு கிடையாது அண்ணா. அது தேதி பார்த்து யோசித்து அடிப்பதில்லை.

குறியே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த மாதிரிக் கதைகளுக்கெல்லாம் மூத்த ஸ்காட்லாந்து நாட்டார் பாடல் ஒன்று இருக்கிறது, டாம் லின். ஃபே ராணி ஏழு வருடத்துக்கு ஒருமுறை நரகத்துக்குக் கப்பம் கட்ட வேண்டும், இந்த முறை தன்னைக் கொடுத்துவிடுவாளோ என்று டாம் லின் பயப்படுகிறான். அவனைக் காதலிக்கும் ஜேனட்டிடம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்கிறான். நீ என்னைக் குதிரையிலிருந்து இழுத்துப் பிடித்ததும் நான் பாம்பாவேன், கொடிய மிருகமாவேன், பழுக்கக் காய்ச்சிய இரும்பாவேன், விட்டுவிடாதே என்கிறான். என்ன நடக்கும் என்று அவளுக்கு அத்தனையும் தெரியும். அவள் கை தாங்குமா என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அந்த ஒரு இடத்தை அவளுக்கென்று விட்டுவைத்திருக்கிறார்கள். நம் கதையில் அந்த இடத்தையும் குறிகாரியே எடுத்துக்கொண்டாள். என் கோபம் அதுதான்.

வள்ளிமலைப் பெண்:
நான் சின்ன வயதிலிருந்து இந்த மலையைப் பார்த்து வளர்ந்தவள், அதனால் எனக்கு உடனே வள்ளிதான் ஞாபகம் வந்தாள். தினைப்புனம் காத்த குறப்பெண்ணிடம் முருகன் வேடனாக வந்தான், வேங்கை மரமாக நின்றான், கிழவனாக வந்தான். மறுத்துக்கொண்டே இருந்தாளே ஒழிய, எழுதியபடி நடக்கிறேன் என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் கந்தபுராணப்படி அவள் போன பிறவியில் திருமாலின் மகள் சுந்தரவல்லி. முருகனை மணக்க வேண்டும் என்று தவம் இருந்தவளே அவள்தான். அப்படிப் பார்த்தால் அவள் விதி அவளே கேட்டு வாங்கியது. நாம் ஊழ் என்று சொல்வதும் அதைத்தானே, நாம் செய்தது நமக்குத் திரும்பி வருவது. கயல், ஓரனையும் அப்படிப் பார்க்கலாமே. குறிகாரி அவனுக்குக் கட்டளை போடவில்லை, அவன் மனசில் முளைக்கப்போவதை முன்னால் பார்த்தாள்.

காட்பாடி கயல்:
அழகாகச் சொன்னீர்கள் அக்கா. ஆனால் வள்ளிக்கு அந்தத் தவம் ஞாபகம் இல்லையே. ஞாபகமே இல்லாத ஆசையை என்னுடையது என்று நான் எப்படி எடுத்துக்கொள்வேன்?

குடியாத்தம் தறி:
எங்கள் பக்கம் அக்னி வசந்த விழாவில் பாரதக் கூத்து நடக்கும். படுகளத்தன்று மண்ணில் படுக்க வைத்த துரியோதனன் தொடையை பீமன் பிளப்பான் என்று மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்குக் காலையில் அழாத கிழவியை நான் பார்த்ததில்லை. முடிவு தெரிந்தால் உணர்ச்சி போய்விடும் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

காட்பாடி கயல்:
பார்க்கிற நமக்கு முடிவு தெரிவதைப் பற்றி நான் பேசவில்லையே அண்ணா. கதைக்குள் இருப்பவன் முடிவு யாருடையது என்பதுதான் கேள்வி.

கோட்டைத்தெரு:
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன் நான். கயல் அம்மாவுக்கு ஒரு துணை தருகிறேன். சிலப்பதிகாரத்தில் வருவது. சேர அரசவையில் ஒரு நிமித்திகன், அதாவது குறி சொல்பவன், இளையவர் இளங்கோவைக் காட்டி, அரசாளும் இலக்கணம் இவருக்கே உண்டு என்று சொல்கிறான். மூத்தவர் செங்குட்டுவன் முகம் வாடுகிறது. அந்த இடத்திலேயே இளங்கோ துறவு பூண்டு குணவாயிற் கோட்டத்துக்குப் போய்விட்டார். நிமித்திகன் வாக்கைத் தன் கையாலேயே பொய்யாக்கினார். ஓரன் முடியைத் துறந்து குறியை நிறைவேற்றினான், இளங்கோ முடியைத் துறந்து குறியை உடைத்தார். எனக்குப் பெரியவர் இளங்கோதான்.

ஆம்பூர் வாசகன்:
ஐயா, நீங்கள் சொன்னது வரும் அதே வரந்தரு காதையை, சிலப்பதிகாரத்தின் கடைசிக் காதையை, கொஞ்சம் கீழே படியுங்கள். கண்ணகியின் தோழி தேவந்தி மேல் ஆவேசம் வந்து இளங்கோவைப் பார்த்துச் சொல்லும் சொல் என்ன? "அந்தமில் இன்பத்து அரசாள் வேந்து." முடிவில்லாத இன்பத்தை ஆளும் அரசன் என்று. நிமித்திகன் வாக்கு உடையவில்லை, வேறு ராஜ்ஜியத்தில் பலித்தது. ஆனால் அதனால் இளங்கோவின் துறவு சின்னதாகிவிட்டதா? ஆகவில்லை அல்லவா? அப்படியானால் ஓரனுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

கோட்டைத்தெரு:
நல்ல அடி தம்பி. அந்த வரியை மறந்துதான் பேசினேன்.

இருந்தாலும் வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும். தினமும் காலையில் நம் வேலூர்க் கோட்டை அகழிக்கரையில் நடக்கும்போதெல்லாம் 1614 நினைவுக்கு வரும். விஜயநகர அரசர் இரண்டாம் வெங்கடபதி ராயர் இறந்ததும், அவர் வாரிசாக அறிவித்த ஸ்ரீரங்கரை ஜக்கராயன் கூட்டம் இந்தக் கோட்டையில் அடைத்துக் குடும்பத்தோடு கொன்றது. 12 வயது மகன் ராமன் மட்டும் தப்பினான். ஸ்ரீரங்கர் பக்கம் நின்ற யாச்சம நாயக்கர் ஏற்பாட்டில் ஒரு சலவைத் தொழிலாளி அவனைத் துணி மூட்டைக்குள் வைத்து வெளியே கொண்டுவந்தார். ஜெசூட் பாதிரியார் மானுவேல் பரடாஸ் 1616இல் எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. அந்தப் பையன் பிறகு ராமதேவ ராயராக முடி சூடினான். காவல்காரன் மூட்டையைப் பிரித்திருந்தால் தூக்கிவந்தவர் தலை அங்கேயே போயிருக்கும். அவருக்கு எந்தக் குறிகாரியும் எதுவும் சொல்லவில்லை.

இந்தக் கதையிலும் அப்படி ஒருத்தி இருக்கிறாள், யாரும் அவளைப் பற்றிப் பேசவில்லை. மைராவுக்கு முந்தானையில் ஒரு ஆணியை முடிந்து கொடுக்கும் சமையற்கட்டுக் கிழவி. அந்த ஆணி இல்லாமல் "இரும்போடு வருபவள்" என்பதே கிடையாது.

காட்பாடி கயல்:
ஐயா, அந்த 31ஆம் அத்தியாயத்தை இப்போதுதான் திரும்ப எடுத்துப் படித்தேன். கண் கலங்கிவிட்டது. அணைக்கட்டு ஊரில் எங்கள் பாட்டி, நாங்கள் இருட்டிய பிறகு கறிக்குழம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினால், தூக்குவாளி மூடி மேல் ஒரு கரித்துண்டும் துருப்பிடித்த ஆணியும் வைத்துக் கட்டிக் கொடுப்பாள். காத்து கருப்பு அண்டாது என்பாள். ஸ்காட்லாந்து ஃபேவுக்கும் இரும்பு ஆகாது. அந்தக் கிழவி முடிச்சுப் போடும் இடத்தில் எனக்குப் பாட்டியின் விரல்தான் தெரிந்தது. குறியில் மைரா இருக்கிறாள், ஓரன் இருக்கிறான், கிழவி இல்லை. அவள் கொடுக்காமலும் இருந்திருக்கலாம். இது சரி, ஏற்றுக்கொள்கிறேன்.

ஓரன் விஷயத்தில் நான் இன்னும் இறங்கி வரவில்லை.

ஆம்பூர் வாசகன்:
வர வேண்டாம் கயல். 39ஆம் அத்தியாயத்தில் ஒரே ஒரு வரியை மட்டும் பார். முடியைத் தொட்ட கையை அவன் ஒருமுறை கீழே இறக்கிவிடுகிறான். மைரா முகத்தைப் பார்க்கிறான், அப்புறம் மறுபடி கையைத் தூக்குகிறான். குறிகாரி ஆட்டிய பொம்மை என்றால் அந்தக் கை ஏன் கீழே இறங்க வேண்டும்?

காட்பாடி கயல்:
அந்த வரியை நான் வேகமாகத் தாண்டிவிட்டேன் அண்ணா. இன்றைக்கு ராத்திரி மறுபடி படிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கோட்டைப் பூங்காவில் எல்லோரும் சந்திக்கும்போது பதில் சொல்கிறேன். ஐயா, அந்த மூட்டை எந்தப் பக்கமாக வெளியே போயிருக்கும் என்று நீங்கள் நினைக்கும் இடத்தையும் எங்களுக்குக் காட்டுங்கள்.