மறு: 'ஸ்ட்ரெஸ் டெஸ்டிங்': அழுத்தமா, தகைவா, முறிவெல்லையா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். மென்பொருள்களின் செயல்திறன் சோதனையில் வரும் ஆங்கிலச் சொற்களுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலை இரண்டு முறை படித்தேன். 'லோடு டெஸ்டிங்' என்பதற்குச் 'சுமைச் சோதனை' என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டோம். அதை மீண்டும் கிளற வேண்டாம். அடுத்த வரியில் உள்ள 'ஸ்ட்ரெஸ் டெஸ்டிங்' பற்றித்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்கள் கருத்துகளை மேற்கோளாகத் தந்து பதில் எழுதுகிறேன்.

> 'அழுத்தச் சோதனை' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

இரத்த அழுத்தம், மன அழுத்தம், காற்றழுத்தம் என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். போதாக்குறைக்கு, நம் மென்பொருள்களில் ஒவ்வொரு பொத்தானையும் 'அழுத்தவும்' என்கிறோம். 'அழுத்தச் சோதனையைத் தொடங்க இங்கே அழுத்தவும்' என்று எழுதிப் பாருங்கள். பொத்தான் சரியாக அழுந்துகிறதா என்று பார்க்கும் சோதனை என்றே படிப்பவர் நினைப்பார்.

> இயற்பியல் நூல்களில் உள்ள 'தகைவு' துல்லியமானது.

இயற்பியலில் அது துல்லியம்தான். ஆனால் அங்கே ஒரு கம்பியில் சிறிய எடையைத் தொங்கவிட்டாலே தகைவு தோன்றிவிடும். நாம் பேசுவது அதைப் பற்றி அன்று. 500 பேருக்கென்று கட்டிய தளத்தில் 500 பேரை விட்டுப் பார்ப்பது சுமைச் சோதனை. 600, 800, 1,200 என்று உயர்த்திக்கொண்டே போய், தரவுத்தள இணைப்புகள் தீர்ந்து பிழைச்செய்திகள் கொட்டத் தொடங்கும் இடத்தைத் தேடுவது இந்தச் சோதனை. நிலைகுலையும்போது தளம் எப்படி நடந்துகொள்கிறது, சுமை இறங்கியதும் தானாக மீள்கிறதா என்பதையும் இதில்தான் பார்க்கிறோம். இரண்டையும் பிரிப்பது அந்த எல்லை. சொல்லிலும் அது தெரிய வேண்டும் என்பதால் 'முறிவெல்லைச் சோதனை' என்று முன்மொழிகிறேன்.

'முறி' என்று பொருள்படும் 'இறு' என்ற வினையையும் நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். மயிற்பீலியே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு இறும் என்ற குறளைவிட இந்தச் சோதனைக்கு நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. தனித்தனியே பார்த்தால் வழங்கிக்கு (சர்வர்) வரும் ஒவ்வொரு கோரிக்கையும் பீலியளவுதானே! 'இறுநிலைச் சோதனை' என்று எழுதியும் வைத்தேன். ஆனால் இன்றைய வாசகர் அதை 'இறுதிநிலை' என்றே படிப்பார். வெளியீட்டுக்கு முன் செய்யும் கடைசிச் சோதனை என்று பொருள் மாறிவிடும். வருத்தத்தோடுதான் கைவிட்டேன்.

'சோக் டெஸ்டிங்' என்பதற்கு 'ஊறல் சோதனை' தயவுசெய்து வேண்டாம். மிதமான சுமையைப் பல மணிநேரம் வைத்திருந்து, நினைவகம் சிறிது சிறிதாகக் கசிகிறதா, அதாவது வேலை முடிந்தும் விடுவிக்கப்படாமல் தேங்குகிறதா என்று பார்க்கிறோம். 'நீடிப்புச் சோதனை' போதும்.

> சோதனைக்கான சுமையை உண்டாக்கும் கருவியைச் 'சுமைதாங்கி' என்று அழைத்தால் அழகாக இருக்குமே?

சொல் அழகுதான், ஆனால் ஆள் மாறிவிட்டது. சுமையைத் தாங்குவது வழங்கி. ஜேமீட்டர், கேட்லிங், லோகஸ்ட், கே6 ஆகிய கருவிகள் எல்லாம் சுமையை ஏற்றுகிறவை; அவற்றைச் 'சுமையேற்றி' என்போம். லோகஸ்ட் என்றால் வெட்டுக்கிளி. கூட்டமாக வந்து இறங்கும் பயனர்களைத் தன் பெயரிலேயே அந்தக் கருவி சொல்லிவிடுகிறது. ஜேமீட்டரில் 'ரேம்ப்-அப்' என்று வருவதை 'ஏற்றுகாலம்' எனலாம். 100 மெய்நிகர் பயனர்களுக்கு 50 வினாடி ஏற்றுகாலம் கொடுத்தால் அரை வினாடிக்கு ஒருவராக உள்ளே வருவார்கள்.

> 'லேட்டன்சி', 'ரெஸ்பான்ஸ் டைம்' இரண்டுக்கும் 'தாமதம்' போதாதா?

நிச்சயமாகப் போதாது. தாமதம் என்றால் வர வேண்டிய நேரத்தைத் தவறவிட்டது என்று பொருள். 20 மில்லிவினாடியில் வந்துவிட்ட விடையின்மேல் ஏன் அந்தப் பழி? மேலும், ஜேமீட்டர் இரண்டையும் தனித்தனியே அளக்கிறது. கோரிக்கையை அனுப்புவதற்குச் சற்று முன் தொடங்கி, விடையின் முதல் பகுதி வந்துசேரும் வரை ஓர் அளவு. கடைசிப் பகுதி வந்துசேரும் வரை இன்னோர் அளவு. பெரிய கோப்பு ஒன்றை இறக்கினால் இரண்டும் வெகுதூரம் விலகி நிற்கும். ஆகவே 'முதல்விடை நேரம்', 'முழுவிடை நேரம்'. தரவுப் பொதி பிணையத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போய்ச்சேரும் நேரத்தையும் ஆங்கிலத்தில் லேட்டன்சி என்றே சொல்கிறார்கள். அங்கே 'செல்நேரம்' என்று பிரித்துக்கொள்ளலாம்.

'த்ரூபுட்' என்பதற்குப் பட்டியலில் உள்ள 'வெளியீடு' குழப்பும். புதிய பதிப்பை வெளியிடுவதும் வெளியீடு, நிரல் தரும் விடையும் வெளியீடு. வினாடிக்கு எத்தனை கோரிக்கைகள் வருகின்றன என்பது 'வருகை வீதம்'. எத்தனை முடிந்து வெளியேறுகின்றன என்பது 'முடிப்பு வீதம்'; த்ரூபுட் என்பது இதுதான். இந்த இணை பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதியின்படி, சீராக ஓடும் அமைப்பின் உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை வருகை வீதத்தையும் தங்கும் நேரத்தையும் பெருக்கினால் வருவது. வினாடிக்கு 50 கோரிக்கைகள், ஒவ்வொன்றும் 2 வினாடி தங்கினால், எந்நேரமும் உள்ளே சராசரியாக 100 இருக்கும். வருகை வீதம் ஏறிக்கொண்டே போக, முடிப்பு வீதம் ஓரிடத்தில் நின்றுவிட்டால் வரிசை வளரத் தொடங்கும். முறிவெல்லை நெருங்குவதை அங்கேதான் முதலில் பார்க்கலாம்.

கடைசியாக 'பாட்டில்நெக்'. 'புட்டிக்கழுத்து' யாருக்கும் விளங்காது. 'நெரிசல்' என்பது விளைவின் பெயர். நமக்கு வேண்டியது இடத்தின் பெயர். கணினியின் மையச் செயலி (சிபியு) ஓய்ந்திருக்க, பத்தே தரவுத்தள இணைப்புகளுக்காக எல்லாக் கோரிக்கைகளும் காத்துக்கிடந்தால், அந்தப் பத்து இணைப்புகள்தான் 'இடுக்கு'. இந்தச் சொல்லில் மட்டும் எனக்கு முழுத் துணிவு வரவில்லை. பேச்சில் இது மூலைமுடுக்கையும் குறிக்கிறது. இதைவிடப் பொருத்தமான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். அதுவரை பட்டியலில் அந்த வரியை வெற்றிடமாக விட்டு வைக்கிறேன்.

அன்புடன்.